கெத்தையில் கரண்ட், மஞ்சூரில் மெழுகுவத்தி

நீலகிரியில் மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். இறங்க இறங்கக் குளிர் விலகும், காது அடைக்கும். ஏதோ ஒரு வளைவில் திரும்பும்போது, மலையின் முதுகில் பெரிய இரும்புக் குழாய்கள் செங்குத்தாக இறங்குவது கண்ணில் படும். குழாய் முடிகிற இடத்தில் பவர் ஹவுஸ். அங்கிருந்து கிளம்பும் டவர் லைன்கள் காட்டையும் பள்ளத்தாக்கையும் ஒரே தாவாகத் தாண்டிச் சமவெளிக்குப் போய்விடும்.

ஆடிக் காற்றில் மஞ்சூர் டீக்கடையில் விளக்கு அணைந்தால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "கரண்ட் இங்கதான் தயாராகுது, இருட்டு மட்டும் நமக்கா?"

சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். பதிலில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னப் பதில்: டீக்கடைக்கு வருவது பல ஆயிரம் வோல்ட் அளவிலான விநியோகக் கம்பி. கற்பூர மரங்களுக்கும் சீகை மரங்களுக்கும் நடுவே அது புகுந்து வருகிறது. ஒரு கிளை முறிந்தால் போதும். கெத்தையில் பிறக்கும் மின்சாரமோ 1 லட்சம் வோல்ட்டுக்கும் மேலே உயர்த்தப்பட்டு, மரம் வெட்டிச் சுத்தமாக வைத்த தடத்தில், உயரமான கோபுரங்களில் போகிறது. அதில் பாதி வழியில் ஒரு கொக்கி போட்டு டீக்கடைக்கு எடுக்க முடியாது. சப்-ஸ்டேஷனுக்குப் போய், படிப்படியாக இறங்கித்தான் திரும்பி வர வேண்டும்.

பெரிய பதில் வேறு. கெத்தையில் எந்திரம் ஓட வேண்டுமா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை மஞ்சூர் தீர்மானிப்பதில்லை. சென்னையில் மின்சுமைப் பகிர்வு மையத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்களுக்கு மேலே பெங்களூரில் தென்மண்டல மையம், டெல்லியில் தேசிய மையம். நாட்டின் கம்பி வலை முழுவதையும் ஒரே எந்திரம் போல ஓட்டுகிற வேலை அது. அந்த வலையை எப்படி இன்னும் வளைந்து கொடுக்கும்படியும் செலவு குறைவாகவும் ஓட்டலாம் என்பது இன்று உலகம் முழுக்கப் பொறியாளர்களைப் போட்டுப் படுத்துகிற கேள்வி. நீலகிரியில் நின்று பார்த்தால் அதன் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியும் என்பது என் எண்ணம்.

முதலில் அடிப்படை விதி. கம்பி வலைக்குள் மின்சாரத்தைக் குவித்து வைக்க இடம் கிடையாது. அந்த விநாடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த விநாடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடக் குறைய இருந்தால் அது அதிர்வெண்ணில் தெரிந்துவிடும். இந்தியாவில் அது விநாடிக்கு 50 சுற்று. காஷ்மீரில் சுழலும் எந்திரமும் கன்னியாகுமரிப் பக்கம் சுழலும் எந்திரமும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. செலவு கூடினால் எல்லாமே சேர்ந்து கொஞ்சம் மெதுவாகும், குறைந்தால் எல்லாமே கொஞ்சம் வேகமாகும். இப்போதைய விதிப்படி 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அது நிற்க வேண்டும்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு நிலைமை இப்படி இல்லை. மாலையில் 48.5-க்கும் கீழே போகும். மழை பெய்து பம்பு செட்டெல்லாம் நின்ற இரவில் 51-ஐத் தொடும். ஏனென்றால் மாநிலங்கள் ஒப்பந்தத்துக்கு மேல் உறிஞ்சினாலும், மின் நிலையங்கள் தேவையில்லாத நேரத்தில் கொட்டினாலும், பெரிதாக யாருக்கும் வலிக்கவில்லை. 2003 ஜனவரி 1 முதல் தென்மண்டலத்தில் புதிய கட்டண முறை வந்தது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கு, அப்போதைய அதிர்வெண்ணை ஒட்டி விலை வைத்தார்கள். எல்லோரும் தவிக்கிற நேரத்தில் கூடுதலாக எடுத்தால் பெரிய பில். புதிதாக ஒரு கம்பிகூட இழுக்காமல் அதிர்வெண் பெருமளவு அடங்கியது. வலையை வளைக்கும் கருவிகளில் விலையும் ஒன்று என்பதை நம் ஆட்கள் அப்போது கண்ணெதிரே பார்த்தார்கள்.

சரி, இதில் நீலகிரிக்கு என்ன வேலை?

1932-இல் பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கிளன்மார்கன் மலை விளிம்பிலிருந்து கீழே சிங்காராவுக்கு 900 மீட்டருக்கும் மேலான வீழ்ச்சி. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 900 மீட்டர் இறங்கினால், எந்திரத்தின் இழப்பெல்லாம் போக, சுமார் 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றில் 24 யூனிட்டுக்கு மேல். அதே லாரித் தண்ணீரை 50 மீட்டர் வீழ்ச்சியில் விட்டால் ஒன்றரை யூனிட் தேறுவதே கஷ்டம். அதனால்தான் ஆற்றில் தண்ணீர் அதிகம் என்று சொல்ல முடியாத இந்த மலையில், சின்னச் சின்ன ஓடைகளைக்கூட மடக்கிச் சுரங்கத்தில் விட்டு நிலையங்கள் கட்டினார்கள். கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்கு பைக்காரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எங்கள் பக்கத்து மனத்தாங்கல்.

பைக்காரா முதலில் தனி மரம். 1937-இல் மேட்டூர் வந்தது, 1944-இல் பாபநாசம் வந்தது. மூன்றும் ஒரே வலையில் கோக்கப்பட்டன. ஏன் கோக்க வேண்டும்? மேட்டூரில் மின்சாரம் பெரும்பாலும் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது கிடைப்பது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மூடிய மாதங்களில் மில் ஓட வேண்டுமே? மலைமேல் தேக்கி வைத்த தண்ணீர் அப்போது கை கொடுக்கும். மேட்டூரில் தண்ணீர் புரளும்போது மலைத் தண்ணீரைத் தொடாமல் வைத்திருக்கலாம். பாபநாசத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ஒருவரிடம் இல்லாத நேரத்தில் இன்னொருவரிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளும் கைமாற்று இது. தொடரமைப்பு என்று சொல்லும் இந்தக் கம்பி வலை செலவைக் குறைப்பது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு ஊரும் தனக்கென்று தனியாக உபரி எந்திரம் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

அப்புறம் 1950-களின் நடுவில், கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா உதவியோடு, குந்தா திட்டம் ஆரம்பித்தது. மேல்பவானியில் தேங்கும் ஒரு துளி அவலாஞ்சி–எமரால்டுக்கு வரும்போது ஒரு எந்திரத்தைச் சுழற்றும். குந்தா பாலத்தில் இரண்டாவது, கெத்தையில் மூன்றாவது, பரளியில் நான்காவது, பில்லூரில் ஐந்தாவது. ஒரே தண்ணீருக்கு ஐந்து வேலை. கோவையின் குடிநீருக்கும் பவானிசாகர் பாசனத்துக்கும் அது போய்ச் சேர்வது அதற்கும் பிறகு. இன்று நீலகிரி நீர்மின் நிலையங்களின் மொத்தத் திறன் 800 மெகாவாட்டுக்கு மேல்.

800 என்பது பெரிய எண்ணா? 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் இது 4 சதவீதம். யூனிட் கணக்கில் பார்த்தால் அதையும்விடக் குறைவு, வருடம் முழுக்க ஓட்டத் தண்ணீர் இல்லை. அளவை மட்டும் பார்க்கிறவர்கள் "நீலகிரி மின்சாரம் முந்தின தலைமுறைக் கதை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கேதான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பைக்காராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சிங்காரா நிலையத்தின் திறன் 60 மெகாவாட்டை ஒட்டியது. 2005-இல் அதே பைக்காராத் தண்ணீருக்கு, பாறைக்குள் குடைந்து, 150 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டினார்கள். தண்ணீர் கூடவில்லை, மழையும் கூடவில்லை. முன்பு பத்து மணி நேரத்தில் செலவான தண்ணீரை இப்போது நாலு மணி நேரத்தில் செலவழிக்கலாம். எந்த நாலு மணி நேரம் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். கூடுதலாகக் கட்டியது அந்தத் தேர்வு உரிமையைத்தான். வளைந்து கொடுக்கும் திறன் என்று பொறியாளர்கள் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இன்றைக்கு அந்தத் திறனுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின்சாரமும் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. மதியம் மின்சாரம் பொங்கும். மாலை ஐந்தரைக்குச் சூரியன் சாயும்போது, வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் ஏறும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பல ஆயிரம் மெகாவாட்டை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். நிலக்கரி எந்திரம் கொதிகலனைச் சூடாக்கி எழுந்திருக்க மணிக்கணக்காகும். அதனால் மாலையில் தேவைப்படும் என்பதற்காக மதியமே அதை அணைக்காமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 55 சதவீதத் திறனுக்குக் கீழே இறக்கச் சொல்லக் கூடாது என்பது பழைய விதி. 2023-இல் வந்த விதிமுறைகள் அதை 40 சதவீதம் வரை இறக்கத் தயாராகச் சொல்கின்றன. இறக்கினால் யூனிட்டுக்கு எரியும் கரி கூடும், சூடும் குளிருமாக மாறி மாறி உலோகம் களைக்கும். கெத்தை எந்திரமோ வால்வைத் திறந்த சில நிமிடங்களில் முழு வேகத்தில் நிற்கும். விலை மதிப்புள்ள தண்ணீரை மதியம் திறந்துவிடுவது, கல்யாணத்துக்கு வைத்த பட்டுப்புடவையை அடுப்படியில் கட்டிக்கொள்வது மாதிரி.

எந்திரத்தின் கதை இது. கம்பியின் கதை இன்னும் சுவாரசியம்.

மே மாத சீசனில் ஊட்டிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், போலீஸ் ஒருவழிப் பாதை போட்டுவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழி, இறங்குகிறவை கோத்தகிரி வழி. போலீஸ் இல்லாவிட்டாலும், குன்னூர் சாலை அடைத்துக்கொண்டால் டிரைவர்களே கோத்தகிரிப் பக்கம் திருப்புவார்கள். மின்சாரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. இரண்டு ஊருக்கு நடுவே மூன்று லைன் இருந்தால், ஒவ்வொன்றும் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவுக்கு ஏற்ப அது தானாகப் பிரிந்து ஓடும். ஒன்று நிரம்பி வழிகிற நேரத்தில் பக்கத்து லைன் பாதி காலியாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் மூன்று லைன்களின் மொத்தக் கொள்ளளவு என்று கூட்டிச் சொல்வது ஏமாற்றுக் கணக்கு. முதலில் நிரம்பும் லைன்தான் எல்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஏதாவது ஒரு லைன் எந்த நொடியிலும் அறுந்து போகலாம், அப்போது அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். அதைத் தாங்க இடம் விட்டுத்தான் எல்லா லைனையும் எப்போதும் ஓட்ட வேண்டும். தலா 100 கொள்ளும் இரண்டு லைன் இருந்தால், சாதாரண நாளில் இரண்டிலும் சேர்த்து 100-தான் அனுப்பலாம். இந்த ஜாக்கிரதை தவறினால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நாடு பார்த்தது. முதல் நாள் வடக்கு வலை விழுந்தது, மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. முதலில் சாய்ந்தது பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அந்தப் பகுதியில் பராமரிப்புக்காகவும் வேறு காரணங்களுக்காகவும் பல லைன்கள் ஏற்கெனவே விலகி நிற்க, எஞ்சியதன் மேல் சுமை ஏறி, பாதுகாப்புக் கருவி அதைக் கோளாறு என்று நினைத்துத் துண்டித்துவிட்டது. தென்னாடு அப்போது ஒரே தாளத்தில் சேராமல், நேர்மின்னோட்டப் (டி.சி.) பாலங்கள் வழியாக மட்டும் வடக்கோடு தொட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தது.

தப்பித்ததற்கு விலையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது யாருக்கும் மறந்திருக்காது. வடக்கே மின் சந்தையில் மலிவாக யூனிட் கிடைத்தது. ஆனால் தெற்கே கொண்டுவரக் கம்பி போதவில்லை. அதனால் ஒரே சந்தை, ஒரே நேரம், இரண்டு விலை. தெற்கின் விலை வடக்கைவிட வெகுவாகக் கூடுதல். பொருள் இருக்கிறது, பணமும் இருக்கிறது, வழி மட்டும் இல்லை என்றால் நெரிசலே ஒரு வரியாக மாறிவிடும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்வலை நாட்டு வலையோடு ஒரே தாளத்துக்கு வந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டத் தடம் வந்தது. நேர்மின்னோட்டத் தடத்தில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை நாம்தான் சொல்கிறோம், அது தானாகப் பிரிந்து ஓடாது. சாலைக்கு நடுவே தண்டவாளம் போட்டது மாதிரி, மேட்டுப்பாளையம் மலை ரயில் போல அது தன் பாட்டில் போகும். வசதிதான். ஆனால் இரண்டு முனையிலும் மின்னோட்டத்தின் வகையை மாற்றித் தரும் நிலையத்தைப் பெரும் செலவில் கட்ட வேண்டும்.

புதிய தடம் போடுவது எல்லா இடத்திலும் நடக்காது. நீலகிரி 1986 முதல் உயிர்க்கோளக் காப்பகம், முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். மாயார் பள்ளத்தாக்கில் ஒரு புதிய கோபுர வரிசை என்றால் யானை வழித்தடமும் வனத்துறை அனுமதியும் வழக்கும் சேர்ந்து பத்து வருடத்தை விழுங்கும். விழுங்க வேண்டியதும்தான் என்பேன். அப்படியானால் இருக்கிற கம்பியில் இன்னும் கொஞ்சம் கசக்கி எடுக்க முடியுமா? முடியும். இதில் நம் மலைக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது.

கம்பியின் எல்லை பெரும்பாலும் சூடு. மின்னோட்டம் ஏறினால் கம்பி சூடாகும், நீளும், தொய்யும். தொய்ந்தால் மரத்தையோ தரையையோ நெருங்கும். அதனால் கம்பிக்கு ஓர் உச்ச வெப்பநிலை வைத்து, 75 டிகிரி என்று வையுங்கள், அதை எட்டும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் வெளி வெப்பம் 45 டிகிரி, காற்று நாம் நடக்கும் வேகத்துக்கும் குறைவு, மேலே உச்சி வெயில். அதாவது சித்திரை மாதத்து மோசமான மதியம். எமரால்டில் ஆடி மாதம் 15 டிகிரியில் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறவன் தலைக்கு மேலே போகிற கம்பிக்கும் காகிதத்தில் அதே 45 டிகிரிதான்.

வித்தியாசம் எவ்வளவு? 45-இலிருந்து 75 வரை 30 டிகிரி இடைவெளி, 15-இலிருந்து 75 வரை 60. வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவதால், மின்னோட்டத்தை 1.4 மடங்கு வரை உயர்த்தலாம். காற்றும் அடித்தால் இன்னும் இடம் கிடைக்கும். கம்பியில் உணர்கருவி வைத்தோ, வானிலையைக் கணித்தோ, எல்லையை மணிக்கு மணி மாற்றும் முறை சில நாடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குறைந்தபட்சம் வெளி வெப்பத்துக்கு ஏற்பவாவது எல்லையை மாற்றியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் 2021 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவே போட்டது.

நம் பக்கத்தில் இது பொருந்துகிற விதம் அழகானது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று கம்பியையும் குளிர்விக்கிறது. அதே பருவமழைதான் அவலாஞ்சியையும் மேல்பவானியையும் நிரப்புகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாட்களில் தண்ணீரை வைத்துக்கொள்ள இடமில்லை, ஓட்டியே ஆக வேண்டும். கம்பிக்கு வேலை அதிகமாகும் நாளும் அது அதிகம் சுமக்கக்கூடிய நாளும் ஒன்றாகவே வருகின்றன. காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போன காலங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் இதைப் பெரிய மந்திரமாக்கவும் கூடாது. ஒரே லைன் 2,000 மீட்டர் உயரத்தில் கிளம்பிச் சமவெளியில் முடிகிறது. மேலே பனி, கீழே மேட்டுப்பாளையத்து வெக்கை. நடுவில் காற்றே நுழையாத பள்ளம் ஒன்று இருக்கும், அந்த ஒரு துண்டின் சூடுதான் முழு லைனுக்கும் எல்லை. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் அது வெப்பத்தை எடுத்துச் செல்வதும் சற்றுக் குறைவு. நீண்ட லைன்களில் சூட்டுக்கு முன்பே வோல்டேஜ் சரிவு தடுத்துவிடும். சப்-ஸ்டேஷனில் ஏதோ ஒரு பழைய கருவி கம்பியைவிடக் குறைவாகத் தாங்கும் என்றால் கம்பியை மட்டும் புகழ்ந்து பயனில்லை.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பியை அவிழ்த்துவிட்டு, அதே கோபுரத்தில், சூட்டிலும் தொய்யாத புது வகைக் கம்பி மாட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பு மின்னோட்டம் கொண்டுபோகலாம். ஆனால் மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்கு. ஆகவே எப்போதாவது நெரிகிற தடத்துக்கு அது சரி, நாள் முழுக்க நிரம்பி ஓடும் தடத்துக்கு வோல்டேஜை உயர்த்துவதே லாபம். 110-லிருந்து 230 கிலோவோல்ட்டுக்குப் போனால் அதே கம்பியில் அதே மின்சாரத்துக்கு இழப்பு நான்கில் ஒன்றாகக்கூட இருக்காது. மின்னோட்டத்தை இந்த லைனில் குறைத்து அந்த லைனில் தள்ளும் சிறப்பு டிரான்ஸ்ஃபார்மர்களும் மின்னணுக் கருவிகளும் உண்டு. சீசன் போலீஸ் செய்கிற வேலைதான். சில நேரம் ஒரு லைனை வேண்டுமென்றே திறந்து வைத்தால் மற்றவற்றில் நெரிசல் குறைவதும் உண்டு, கேட்கக் கிறுக்குத்தனமாக இருந்தாலும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. லைன் அறுந்தால் தாங்க வேண்டுமே என்று எப்போதும் பாதி காலியாக ஓட்டுகிறோம் அல்லவா? அறுந்த அந்த நொடியிலேயே உற்பத்தியைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் அவ்வளவு இடம் விட வேண்டியதில்லை. அனல் நிலையத்தில் இது கஷ்டம். பைக்காரா மாதிரி உயர வீழ்ச்சி நிலையங்களில் இருப்பது பெல்ட்டன் சக்கரம். கிண்ணங்களின் மேல் தண்ணீர்த் தாரை பீய்ச்சி அடித்துச் சுழற்றும். தாரைக்கு முன்னால் ஒரு தகடு இருக்கும். ஓரிரு விநாடியில் அது குறுக்கே விழுந்து தாரையைத் திருப்பிவிடும், குழாய்க்குள் அழுத்தம் எகிறாது. எந்திரத்தைக் காப்பாற்ற வைத்த அந்தச் சின்னத் தகடு, கம்பிக்கும் இடம் சம்பாதித்துக் கொடுக்க முடியும்.

இனி தண்ணீரை மேலே ஏற்றும் கதை. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது, 400 மெகாவாட். உபரி மின்சாரம் இருக்கும்போது கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு பம்பு செய்து, தேவைப்படும்போது இறக்கிவிடும். நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைக்கும் நடுவே குந்தா நீரேற்றுத் திட்டம், 125 மெகாவாட் எந்திரம் நான்கு. கெடு மேல் கெடு தாண்டிய திட்டம். 100 யூனிட் கொடுத்தால் 75 முதல் 80 யூனிட்தான் திரும்பி வரும். நஷ்டம் போலத் தெரியும். உதாரணத்துக்கு மதியம் 3 ரூபாய்க்கு 100 யூனிட் வாங்கினால் 300 ரூபாய், இரவு சந்தை உச்சவரம்பான 10 ரூபாய்க்கு 75 யூனிட் போனால் 750 ரூபாய். அந்த வித்தியாசத்தில்தான் அணையின் கடனும் வட்டியும் அடைய வேண்டும். மதிய விலையும் இரவு விலையும் நெருங்கினால் கணக்கு உதைக்கும்.

இருக்கிற அணைகளுக்கு நடுவே சுரங்கம் போடுவதை ஒரு மாதிரி ஏற்றுக்கொள்ளலாம். சில்லஹல்லா போல விளைநிலத்தில் புது அணை கேட்கும் திட்டத்துக்கு ஊர்க்காரர்கள் எதிர்ப்புச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வலைக்கு வளைவு வேண்டும் என்றால் முதலில் கம்பியிலும் விலையிலும் தேடிவிட்டு அப்புறம் கேரட் தோட்டத்துக்கு வரட்டும்.

பயன்படுத்துகிற பக்கத்திலும் வளைவு உண்டு. டீ பாக்டரியில் பச்சை இலை வந்ததும் தொட்டியில் பரப்பி, மின்விசிறி போட்டுப் பல மணி நேரம் வாட வைக்கிறார்கள். அரைக்கும் எந்திரத்தை நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது, வாடல் விசிறியைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளலாம். உயர் அழுத்த இணைப்புக்கு உச்ச நேரக் கட்டணம் கூடுதல் என்பதால் ஏற்கெனவே சிலர் கணக்குப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். மழை நாளில் இலை ஈரமாக வந்துவிட்டால் அந்தக் கணக்கு எடுபடாது. வீட்டு மீட்டருக்கோ மதியமும் இரவும் ஒன்று. மாலை ஏழு மணிக்கு கீசர் போடுகிறவருக்கு அது எவ்வளவு விலையுள்ள யூனிட் என்று தெரிய வழியே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் பவர் ஹவுஸில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். டீக்கடைக் கேள்வியை அவரிடம் ஒருமுறை கேட்டேன். "அண்ணா, ஒருநாள் நாடே இருண்டுபோச்சுன்னு வைங்க. அன்னைக்காவது நம்ம மலைக்கு முதல்ல கரண்ட் வருமா?"

வலை முழுவதும் விழுந்தால் முதலில் எழுப்பப்படுவது நீர்மின் நிலையங்கள்தான். அனல் நிலையம் எழுந்திருக்க அதன் பம்புகளுக்கும் விசிறிகளுக்குமே ஏராளமான மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும். நீர்மின் நிலையத்துக்குச் சின்ன டீசல் ஜெனரேட்டர் போதும், வால்வைத் திறக்கத்தான். அதனால் கெத்தை போன்ற ஓர் இடத்தில் முதல் விளக்கு எரிவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அவர் சிரித்தார். "எந்திரம் இங்கதான் முதல்ல சுத்தும் தம்பி. அந்தக் கரண்ட் நேரா கீழ போயி அனல் நிலையத்தை எழுப்பும், ரயிலுக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும். டீக்கடைக்கு மெழுகுவத்தி வாங்கி வெச்சுக்கச் சொல்லு."